நல்லானின் போசி மூடி

வேல்விழிக்கு முதல் வேலை பனியன் கம்பெனியில் செக்கிங். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், ஆறு வருஷம் மேஜை முன்னால் நின்றபடியே துணியில் ஓட்டை தேடினாள். கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. 2007-இல் அனுப்பர்பாளையத்து மாடி அறை ஒன்றில் பிரபாகர் என்பவர் ஒரு ஜி.பி.எஸ். கம்பெனி தொடங்கினார். எந்த வண்டி எங்கே போகிறது என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்க்க ஆள் தேவைப்பட்டது. உண்மையைச் சொன்னால், அவள் அங்கே சேர்ந்ததே நாற்காலிக்காகத்தான்.

அருள்புரத்து எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று ஜி.பி.எஸ். பெட்டியைப் பொருத்திப் பார்க்கப் பத்து வேன்களைக் கொடுத்தது. பிடித்திருந்தால் நூறு வண்டி. இல்லாவிட்டால் பிரபாகர் கடையைக் கட்ட வேண்டியதுதான், வேல்விழி பழையபடி கால்கடுக்க நிற்க வேண்டியதுதான். பாழாய்ப்போன ஒரு வேன், டிரைவர் நல்லான் ஓட்டுவது, தினமும் மத்தியானம் திரையிலிருந்து காணாமல் போனது.

"உங்க பெட்டி வேலைக்கு ஆகாதுங்க. நாளைக்கு வந்து அல்லாத்தையும் கழட்டிக்குங்க" என்று பிரபாகரிடம் சொன்னார் எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் செங்கோட்டையன்.

அன்று மத்தியானம் வேல்விழி, அந்த வேன் கடைசியாகத் திரையில் தெரிந்த சாயப்பட்டறைக்கே போனாள். வேன் வெயிலில் நின்றது. நல்லான் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்கண்ணாடிக்கு அடியில், பெட்டிக்குச் சிக்னல் பிடித்துக் கொடுக்கும் வில்லையின்மேல், அவர் சோறு கொண்டுவரும் எவர்சில்வர் தூக்குப்போசியின் மூடி கவிழ்ந்து கிடந்தது.

"வானத்துல இருந்து சேதி வாங்குற சாமானாமா கண்ணு. வெயில்ல காஞ்சு கெட்டுப்போச்சுன்னா? அதான் மூடி வெச்சேன்."

"எவர்சில்வரால மூடுனா சிக்னல் எப்படி அண்ணாச்சி உள்ள போவும்?" சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதை மேனேஜரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு ஊர் சுற்றிய டிரைவர் ஒருவரை அந்த மாதம்தான் வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். நல்லான் வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் இருந்தாள்.

மறுநாள் பெட்டிகளைக் கழற்ற வந்த பிரபாகரின் பின்னால், மேனேஜர் அறையில் தலைகுனிந்து நின்றாள். அப்போது, பெட்டிகளைக் கழற்றப்போகிற சங்கதி தெரிந்து நல்லான் மூடியும் கையுமாக உள்ளே வந்தார்.

"பெட்டி மேல தப்பில்லீங்க. நாந்தானுங்க கூறுகெட்டுப் போயி மூடுனேன். இந்தப் புள்ள தெரிஞ்சும் சொல்லாம நிக்குது. அனுப்பறதா இருந்தா என்னைய அனுப்புங்க."

செங்கோட்டையன் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். பெட்டிகளும் தப்பின, நல்லானும் தப்பினார்.

இரண்டே வருஷத்தில் வண்டிகள் ஆயிரத்தைத் தாண்டின. கம்பெனியில் இப்போது நாற்பது நாற்காலி. ஆனாலும் காலையில் வந்ததும் வேல்விழி நின்றபடியே நல்லானின் வேனைத் திரையில் தேடுவாள். அது நகர்வதைப் பார்த்து, "நல்லா இருக்கணும் அண்ணாச்சி" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உட்காருவாள்.