தொப்பூர் இறக்கத்தில் நான்கு கற்கள்

என் மகளின் வண்டி நூறு சி.சி. பைக். முப்பத்தைந்து வயதில் அவள் முதன்முதலாக ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி அது. வாங்கி ஒன்பது வாரம் ஆகியிருந்தபோது அவளுக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. பிள்ளையின் பள்ளிக்கூடம் தருமபுரியில் இருப்பதால் வீட்டை மாற்ற முடியாது, தினமும் வண்டியிலேயே போய் வருகிறேன் என்றாள். போக அறுபத்து நான்கு கிலோமீட்டர், வர அறுபத்து நான்கு. நடுவில் தொப்பூர் இறக்கம். மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை.

"ஞாயித்துக்கிழம கூட வாங்க. ஒரு தரம் போய்ப் பாப்போம். நீங்க வேண்டாம்னா விட்டுடறேன்ப்பா. ஆனா காரணம் சொல்லணும்" என்றாள்.

பகல் பத்தரை மணிக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் படம் வரைந்தவன் நான். எண்ணாத எதையும் நம்புவதில்லை. அதுவும் வாய்விட்டு எண்ணுவேன். வீட்டு மாடிப்படி ஏறும்போதுகூட. நெடுஞ்சாலையில் இருநூறு மீட்டருக்கு ஒரு சின்னக் கல் உண்டு. முள் அறுபதில் நிற்கும்போது ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் பன்னிரண்டு விநாடி ஆகவேண்டும். பதின்மூன்று ஆயிற்று.

"உன் முள்ளு பொய் சொல்லுது. அம்பத்தஞ்சுதான் போறே."

"வூட்டுக் கடிகாரத்த பத்து நிமிஷம் முன்னால வச்சிருக்கறது யாரு?"

எழுபதில் கைப்பிடி அதிர்ந்தது. பக்கக் கண்ணாடியில் தெரிந்தவையெல்லாம் இரண்டிரண்டாக ஆடின. எங்களைத் தாண்டிப் போன ஒவ்வொரு பேருந்தும் முதலில் எங்களை வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுத்தது. அப்படி ஒன்பது முறை.

இறக்கம் தொடங்கிய இடத்திலிருந்து கற்களைப் புதிதாக எண்ண ஆரம்பித்தேன். ஆறாவது கல்லில் நான் ஒன்று சொன்னேன். நாற்பது வருடமாக ஒவ்வொரு இறக்கத்திலும் நான் செய்து வந்ததுதான்.

"நியூட்ரல்ல போடும்மா. பெட்ரோல் மிச்சம்."

"வேணாம்ப்பா, சொல்லிக்குடுத்தவங்க கூடாதுன்னாங்க."

"போடு. நான் பாக்காத இறக்கமா?"

போட்டாள். வண்டியின் அதிர்வு நின்றது. டயர் உருளும் ஓசை மட்டும் இருந்தது. காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த கண்ணாடி முதன்முறையாக அசையாமல் நின்று, தெளிந்தது. அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க ஒரு லாரியின் முகம். வேறு எதற்கும் அதில் இடமில்லை. முன்கம்பியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் ஆடுவதுகூடத் தெரிந்தது. ஆனால் சத்தமே இல்லை. லாரிக்காரனும் இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டு வந்துகொண்டிருந்தான். பிரேக் கருகும் வாடை என் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

இடது பக்கம் இரும்புத் தடுப்பு. வலது பக்கம் எங்களுக்கு இணையாக ஒரு கன்டெய்னர். முன்னால் மட்டும் வழி இருந்தது. நியூட்ரலிலிருந்து நாலாம் கியருக்கு நான்கு மிதி. அவள் மிதித்த நான்கும் என் காலில் தட்டின. இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்தது. எழுபது. எழுபத்தெட்டு. எண்பத்து இரண்டு. அதற்கு மேல் அந்த வண்டியில் ஒன்றும் இல்லை. கண்ணாடி மறுபடி ஆடத் தொடங்கியதால் லாரி இருக்கிறதா இல்லையா என்றும் தெரியவில்லை.

தடுப்பு முடிந்து, வண்டிகள் ஒதுங்கும் அகலமான இடம் வந்தது. அதில் சாய்த்து நிறுத்தினாள். லாரி எங்களைக் கடந்து போனது, திரை இழுத்ததுபோல, ஓசையில்லாமல்.

அங்கே நின்ற கல்லைப் பார்த்தேன். கிலோமீட்டர் கணக்கின்படி இறக்கத்தின் தொடக்கத்திலிருந்து அது பதினைந்தாவது. நான் எண்ணியதாக நினைவில் இருந்தது பதினொன்று வரைதான். அதற்குப் பிறகு நான்கு கற்கள், எண்ணூறு மீட்டர், என்னிடம் இல்லை.

கீழே சாலையோரச் சாப்பாட்டுக் கடை வாசலில் அதே எலுமிச்சம்பழம் நின்றிருந்தது. டிரைவர் புரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் ஆஃப் பண்ணிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"டீசல் மிச்சம்ங்க பெரியவரே." கொஞ்சமும் மறைக்கவில்லை.

"முன்னாடி ஒரு வண்டி போச்சே. ரெண்டு பேர்."

யோசித்தார். வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தெரியவில்லை. "வண்டியா? ரோடு காலியாத்தானுங்க இருந்துச்சு."

நான் வந்து மகளின் எதிரில் உட்கார்ந்தேன். அவள் டீயைத் தொடவில்லை.

"என் மேலதான் தப்பு. நியூட்ரல்ல போடச் சொன்னது நான்" என்றேன்.

"உங்களாலதான் தப்பிச்சதும். பிரேக்க புடிக்கத்தான் கை போச்சு. நீங்க நிறுத்தாம எண்ணிக்கிட்டே வந்தீங்களா, அதையே கேட்டுக்கிட்டு ஓட்டிட்டேன்."

"எதுவரைக்கும் எண்ணினேன்?"

"பதினஞ்சு வரைக்கும். கொஞ்சங்கூட நடுங்காம. காதுக்குப் பக்கத்துலயே."

என் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பதினொன்றில் ஒட்டியது, இன்னும் விடவில்லை.

"நாளைக்கு யாரு எண்ணுவாங்க?" என்றாள். "பஸ்லயே போறேன்ப்பா."

நல்லது என்றேன். காரணம் அவள் கேட்கவில்லை. பதினொன்றுக்குப் பிறகு எண்ணியது நான் இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆறு ஐம்பது பேருந்தில் இப்போது போய் வருகிறாள். மாடிப்படி ஏறும்போது நான் வாய்விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.