மாதம் ஒருமுறை தள்ளிய கார்

தொண்ணூறுகளில் ஆபீஸை மூடிவிட்டு, சூலூரில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து, பம்பு கம்பெனிகளுக்கு வரைபடம் போட ஆரம்பித்தேன். ஆசைப்பட்டு வாங்கிய விலை உயர்ந்த கார் போர்ட்டிகோவிலேயே நின்றது. நின்று நின்றே பேட்டரி இறங்கிவிடும். மாதாமாதம் பேட்டரிக் கடைக்காரர் வருவார். ஆசிட் பட்டுப் பொத்தலான சட்டை. பானெட்டைத் திறக்குமுன், ஆள் இருக்கிற வீட்டுக் கதவைப் போல விரலால் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து தள்ளுவேன்.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க, இதைக் குடுத்துப்போடலாமுங்களே?"

"வித்தா, நொடிச்சுப் போயிட்டேன்னு ஊரே பேசுமுங்க."

"மாசாமாசம் நீங்க மூச்சு வாங்கத் தள்றதை இந்த வீதியே வேடிக்கை பாக்குதுங்க. அதுக்கு என்ன பேசுவாங்களாமா?"

திரும்பினேன். எதிர்வீட்டு அம்மா வாசல் கூட்டுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே விற்றேன். காலியான போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது அப்படியொரு நிம்மதி.

அவருக்குத்தான் ஒரு வாடிக்கை போயிற்று. பின்னொரு நாள் டவுன் பஸ்ஸில் போய் அவர் கடை முன்னால் இறங்கினேன். ஆபீஸ் இருந்த நாளில் காரில் போனபோதெல்லாம் உட்கார்ந்தபடியே தலையசைத்த மனிதர், அன்று எழுந்து நின்றார்.