பனிக்குள் நான் நிறுத்திவிட்ட செபம்

ஏழாம் நாள் விடிந்தபோது சிஞ்ஞோராவின் உதடுகள் நீலமாக இருந்தன. இருமினார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. கூடாரத்தின் ஸிப்பைத் திறந்து பார்த்தேன். பாதை இல்லை. எதிரே நின்ற மலையும் இல்லை. எங்கும் வெள்ளை. நாங்கள் இருவரும் இங்கேதான் சாகப்போகிறோம் என்று நினைத்தேன்.

என் பெயர் மெட்டில்டா. மன்னாரில் பிறந்தவள். இந்தச் செபக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலரைப்போல இங்கே இத்தாலியில், பலெர்மோவில் வீட்டுவேலை செய்கிறேன். நான் இருக்கும் சீசா பகுதியில் பஸ் ஏறி, வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு மூன்றாம் மாடிக்குப் பதினொரு வருடமாகப் போய் வருகிறேன். அந்த வீட்டு அம்மாதான் என் சிஞ்ஞோரா, ஓய்வுபெற்ற ஆசிரியை. இமயமலையில் நடக்க வேண்டும் என்பது அவருக்கு இளவயது ஆசை. வழிகாட்டியோடு போய், ஊர்களே இல்லாத பள்ளத்தாக்குகளில் கூடாரம் அடித்துத் தங்கும் பயணம். பிள்ளைகள் வர மறுத்துவிட்டார்கள். அறுபத்தாறு வயதில் கூடாரத்தில் தனியாகப் படுக்கப் பயந்து என்னைக் கேட்டார். போன வருடம் ஒக்ரோபரில் நேபாளத்துக்குப் போனோம். அதுவரை நான் ஏறிய பெரிய ஏற்றம் அவருடைய வீட்டுப் படிகள்தான்.

முதல் நாட்கள் நன்றாகவே போயின. விடிந்ததும் சமையற்காரர் கூடார வாசலுக்கே தேநீர் கொண்டுவருவார். ஆறாம் நாள் மாலை பனி கொட்டத் தொடங்கியது.

ஏழாம் நாள் காலை வழிகாட்டி பாசாங் சிஞ்ஞோராவின் முதுகில் காது வைத்துக் கேட்டார். பாசாங்குக்கு இத்தாலியன் தெரியும்; அவரோடும் சிஞ்ஞோராவோடும் நான் கதைத்தது அதில்தான். நான் என் தமிழில் சொல்கிறேன்.

“நுரையீரலுக்குள்ளை தண்ணி சேர்ந்திட்டுது. உடனை கீழை இறக்க வேணும்.”

“அப்ப இறக்குங்கோ!”

“ஏலாது. கீழை போற சரிவு முழுக்கப் புதுப்பனி. காலை வைச்சா எல்லாருமே அதோடை போயிடுவம். இந்த மேகத்துக்குள்ளை ஹெலிகொப்ரரும் வராது.”

ஒரேயொரு ஒக்சிசன் சிலிண்டர் இருந்தது. மெதுவாகத் திறந்தால் அடுத்த நாள் மத்தியானம்வரை வரும் என்றார். தன் சற்றலைற் போனை எனக்கு ஒரு நிமிடம் தந்தார். என் கணவர் அன்ரன் பலெர்மோவில் ஸ்தாசியோனே ரயில் நிலையப் பக்கம் ஒரு கடையில் வேலையில் நின்றார்.

“அன்ரன், சிஞ்ஞோராவுக்குக் கடுமை. பனிக்குள்ளை அகப்பட்டிட்டம்.”

“நீ எப்பிடி இருக்கிறாய்?”

“நான் இருக்கிறன். செபம் சொல்லுங்கோ. எல்லாரிட்டையும் கேளுங்கோ.”

“ஓம், இப்பவே போறன். மெட்டி...”

அதோடு போன் நின்றுவிட்டது. அன்று மாலை நீங்கள் இதே மண்டபத்தில் முழங்காலில் நின்றீர்கள். எனக்கு அது அப்போது தெரியாது.

நான் செபமாலையை எடுத்தேன். வானத்தைத் திறந்துவிடும் தாயே என்று எங்கள் ஊர் மடு மாதாவிடம் கேட்டேன். சிஞ்ஞோரா கடவுளை நம்பாதவர். வீட்டில் நான் செபத்தை முணுமுணுத்தால், குசினிக்குள் போய்ச் சொல் என்பார். அன்று நான் சத்தமாகவே சொன்னேன். பகல் முழுக்கச் சொன்னேன். இடையிடையே கூடாரத்தில் சேர்ந்த பனியைக் கையால் தள்ளினேன். தள்ளத் தள்ள விழுந்தது.

மறுநாளும் அதே வெள்ளைதான். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அப்போது செபமாலையைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். உங்கள் முன்னால் உண்மையைச் சொல்கிறேன். ஆண்டவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கேட்பதற்கு அங்கே ஒருவருமே இல்லை என்றுதான் பட்டது. சிஞ்ஞோராவின் உடலை எப்படிக் கீழே கொண்டுபோவது, அவருடைய பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

“மெட்டில்டா.” சிஞ்ஞோராவின் குரல் காற்றாகத்தான் வந்தது. “ஏன் நிப்பாட்டினனீ?”

“ஆண்டவருக்குக் கேக்கேல்லை, சிஞ்ஞோரா.”

“எனக்குக் கேட்டது. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். சொல்லு.”

நான் அழுதேன். அழுதபடியே ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன். விசுவாசத்தோடு சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வாய்தான் சொன்னது. நெஞ்சு செத்துப்போய்க் கிடந்தது.

சற்று நேரத்தில் வெளியே ஒரு விசில் சத்தம் கேட்டது. பாசாங் கத்திக்கொண்டு ஓடினார். பனிக்குள்ளிருந்து ஒரு மனிதர் வந்தார். கீழே மாடு மேய்ப்பவர். காணாமல்போன தன்னுடைய யாக் மாட்டைத் தேடி வந்திருந்தார். அவர் வந்தது அந்தச் சரிவால் இல்லை. பாசாங்குக்கே தெரியாத ஒரு பாறை முதுகின்மேலால். அவருடைய காலடிகள் பனியில் ஆழமாகப் பதிந்து கிடந்தன. அதே வழியால் இறங்கலாம் என்றார் பாசாங்.

வானம் திறக்கவே இல்லை. நான் கேட்டது நடக்கவில்லை. ஒரு மூங்கில் கூடையின் பக்கத்தை வெட்டி, அதில் சிஞ்ஞோராவை இருத்தி, சமையற்காரரும் எங்களோடு வந்த இரண்டு சுமைகாரரும் மாறி மாறி முதுகில் சுமந்தார்கள். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். பாதி வழியில் அது முடிந்தது. அதற்குப் பிறகு அவருடைய ஒவ்வொரு மூச்சையும் எண்ணினேன். கீழே இறங்க இறங்கப் பனி மழையாக மாறியது. நெஞ்சின் கொதிப்புச் சத்தமும் மெல்ல மெல்ல அடங்கியது. அடுத்த நாள் காலை, மேகத்துக்குக் கீழே ஒரு புல்வெளியில் ஹெலிகொப்ரர் வந்து இறங்கியது.

அந்த மேய்ப்பரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்களைப் புல்வெளிக்குப் போகும் வழியில் விட்டுவிட்டு, தன் மாட்டைத் தேடித் திரும்பவும் மேலே ஏறினார். தினமும் அவருக்காகச் செபிக்கிறேன்.

சிஞ்ஞோரா இன்று உயிரோடு இருக்கிறார். கோயிலுக்கு வருவதில்லை. அதை நான் ஆண்டவரிடமே விட்டுவிட்டேன். மாறியது நான்தான். முன்பெல்லாம் கேட்டது உடனே கிடைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு செபத்தை விட்டுவிடுவேன். இப்போது பதில் வராத நாளிலும் விடுவதில்லை.

உங்களில் யாருக்காவது செபிக்கவே முடியாமல் இருக்கலாம். வெட்கப்பட வேண்டாம். கூட்டம் முடிய என் பக்கத்தில் வந்து இருங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. உங்கள் காதில் விழும்படி, சத்தமாக, நான் சொல்கிறேன்.