ஜாடியம்மா ஒட்டிய லேபிள்

கல்லூரியில் அவளுடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி முதல்வரிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவள் ஜாடியம்மா. விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடமாக அட்டெண்டர். முந்நூற்றுச் சொச்சம் கண்ணாடி ஜாடிகளையும், அவற்றுக்குள் ஃபார்மலினில் ஊறிக் கிடக்கும் பாம்பு, பல்லி, மீன், தவளை அத்தனையையும் கட்டி மேய்ப்பதுதான் வேலை. மூடி இறுக்கமாக இருக்கிறதா, திரவம் குறைந்திருக்கிறதா, லேபிள் மங்கிவிட்டதா என்று வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுவாள். எவனாவது ஜாடியைக் குலுக்கிப் பார்த்தால் தொலைந்தான். "உன்னை உள்ள போட்டு மூடட்டுமா?" என்பாள். முதலாமாண்டுப் பிள்ளைகள் அதை நிஜமென்றே நம்பினார்கள்.

ஆசிரியர்களுக்கும் அவளிடம் கொஞ்சம் பயம் உண்டு. புதிதாக வந்த விரிவுரையாளர் ஒருவர் தன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோய் ஆய்வக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். மதியம் எடுக்கப் போனால் டப்பாவின் மேல் அழகான கையெழுத்தில் ஒரு லேபிள். "பெயர்: விரிவுரையாளரின் சாப்பாடு. பிடிபட்ட இடம்: ஃபிரிட்ஜ், இரண்டாம் தட்டு." மனிதர் அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டார்.

இந்தப் பேரும் புகழும் வருவதற்கு முன்னால் அவளுக்கு இன்னொரு கீர்த்தி இருந்தது. மாணவர்கள் தவளையை அறுத்துப் படித்த காலம் அது. திங்கட்கிழமை முதல் வகுப்பு தொடங்குவதற்குள் மெழுகுத் தட்டுகளில் நாற்பது தவளை வேண்டும். கல்லூரியின் பின்சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதைத் திறந்தால் கோரை மண்டிய சதுப்பு. ஜாடியம்மா ஒரு சாக்குடன் உள்ளே போவாள். முக்கால் மணி நேரத்தில் சாக்கு துள்ளத் துள்ளத் திரும்பி வருவாள். தொடையின் உட்பக்கம் மஞ்சள் பூசியது போலிருக்கும் அந்தத் தவளையை எல்லோரும் மஞ்சத்தொடை என்பார்கள். வேறு ஆள் போனால் சேறு பூசிக்கொண்டு வெறுங்கையோடு வருவான். இவள் கைக்கு மட்டும் அது தப்பவே தப்பாது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

நல்ல மாதிரியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஜாடியில் போடச் சொன்னவர் அப்போதைய துறைத் தலைவர். லேபிள் எழுதும்போது அவள் "பிடிபட்ட இடம்: பின்பக்கச் சதுப்பு" என்று ஆரம்பித்தாள். அவர் பதறிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தினார். சதுப்பில் எதையும் பிடிக்க அனுமதி கிடையாது, யாராவது படித்தால் வம்பு என்றார். "வெளியூர்ல இருந்து வரவழைச்சதுன்னு எழுதும்மா. இதைப் போய் யார் பார்க்கப் போறா?" எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டாள். அவர் ஓய்வுபெற்றார், பிறகு காலமானார். அந்தப் பொய் மட்டும் ஜாடிமேல் சௌக்கியமாக இருந்தது.

தவளை அறுப்பதை நிறுத்திப் பன்னிரண்டு வருடமாகிறது. இப்போது பிள்ளைகள் கம்ப்யூட்டரில் அறுக்கிறார்கள். இரும்புக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது. ஜாடியம்மா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு அருகிவரும் உயிரினங்களைப் பற்றி ஆய்வு செய்யச் சொன்னார்கள். எல்லோரும் புலி, பாண்டா, திமிங்கிலம் என்று போட்டோவுக்கு நன்றாக நிற்கும் விலங்குகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு இரண்டே நாளில் இணையத்திலிருந்து இறக்கி முடித்துவிட்டார்கள். நான்கு பேர் மட்டும் மஞ்சத்தொடையை எடுத்தார்கள். அந்த நால்வருக்கும் தலைவி ஒரு பெண். எப்போதும் கையில் நோட்டு வைத்திருப்பாள், எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். "பத்தேகால் மணி, ஜாடியம்மா இரண்டு முறை திட்டினார்" என்றுகூட எழுதியிருந்தாள். ஜாடியம்மா அவளுக்கு வைத்த பெயர் நோட்டுக்காரி.

"நீங்க இதைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்று ஜாடியைக் காட்டிக் கேட்டாள் நோட்டுக்காரி.

"எனக்கென்ன தெரியும்? அது வெளியூர்ச் சரக்கு. லேபிளைப் படி. படிக்கத் தெரியுமில்ல?"

நோட்டுக்காரி அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு, உலகத்தில் இந்தத் தவளை இப்போது நானூறோ ஐநூறோதான் இருக்கும் என்று படித்ததைச் சொன்னாள். நானூறு என்பது அவளுக்குப் பத்துத் திங்கட்கிழமை. அன்றைக்கு அவள் மூன்று ஜாடிகளைத் துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கடைசியாகச் சாக்கில் போட்ட நாற்பதில்தான் கதை முடிந்துவிட்டதோ?

அதே மாதத்தில் அறிவிப்பு வந்தது. சதுப்பை மண் கொட்டி மேடாக்கி உள்விளையாட்டு அரங்கம் கட்டப்போகிறார்கள். அரசு அலுவலகத்துக்குப் போன விண்ணப்பத்தில், "இவ்விடத்தில் அருகிவரும் உயிரினம் எதுவும் இல்லை, இருந்ததுமில்லை" என்று ஒரு வரி. ஆட்சேபம் இருந்தால் அடுத்த மாத விசாரணையில் சொல்லலாம்.

நால்வரும் பம்பரமாகச் சுழன்றார்கள். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினார்கள். இயற்பியல் மாணவர்கள் இவர்களைக் கண்டாலே "கொர்ர்" என்று கத்தினார்கள். நோட்டுக்காரி அசரவில்லை. "இன்னும் கொஞ்சம் அடித்தொண்டையில, ரெண்டு தடவை விட்டு விட்டு. அதுதான் மஞ்சத்தொடை" என்று திருத்திக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் இயற்பியல் வகுப்பு மொத்தமும் சரியான சுருதியில் கத்தியது, மனுவில் கையெழுத்தும் போட்டது. கல்லூரித் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறினார்கள். டயர் கடைக்காரர் முதலில் விரட்டினார். இந்தத் தவளை ஒரு நாளைக்கு எத்தனை கொசு தின்னும் என்று சொன்ன பிறகு, கடையில் வேலை செய்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். சுவரெல்லாம் "காணவில்லை" என்ற தலைப்பில் ஜாடித் தவளையின் படம் தொங்கியது.

ஆனால் தவளை அகப்படவில்லை. சாலைப் பக்கமாகச் சுற்றிப் போய், நாற்பது நாள் காலையில் சதுப்பில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். கிடைத்தது ஒரே ஒரு ஒலிப்பதிவு, அதிலும் பாதி லாரிச் சத்தம். இருந்தாலும் ஜாடி இருக்கிறதே, பெயரெழுதிய உடம்பே இருக்கிறதே, அது இங்கேதான் பிடித்ததென்று பழைய மாணவர்கள் யாராவது சொல்வார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. ஜாடியம்மா ஆய்வக மூலையில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மை நாக்கு நுனிவரை வரும், திரும்பிப் போய்விடும்.

போனதற்குக் காரணம் அவள் மகள். மகள் அதே கல்லூரி அலுவலகத்தில் ஆறு வருடமாகத் தற்காலிக எழுத்தர். நிரந்தரமாக்கும் கோப்பு முதல்வரின் மேசைமேல் இருந்தது. விசாரணைக்கு முந்தின நாள் மகள் வீட்டில் சொன்னாள், "நாளைக்கு உன்னைக் கூப்பிடுவாங்களாம்மா. லேபிள்ல இருக்கறது உண்மைதானான்னு கேப்பாங்க. ஆமான்னு தலையை ஆட்டிட்டு வந்துடு. என் கோப்பு சார்கிட்ட இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

"தவளைக்கும் உன் கோப்புக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லை. அதனாலதான் தலையை ஆட்டுன்னு சொல்றேன்."

ஜாடியம்மா எழுந்து சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனாள். மகளுக்கு அதுவே சம்மதம் மாதிரி இருந்தது.

விசாரணை பதினொரு மணிக்குக் கூட்ட அரங்கில். எள் போட்டால் எள் விழாத கூட்டம். நோட்டுக்காரி நன்றாகப் பேசினாள். மனுவைக் கொடுத்தாள், ஒலியைப் போட்டுக் காட்டினாள், ஜாடியை மேசைமேல் வைத்தாள். முதல்வர் ஒரு சிரிப்புடன் எழுந்தார். ஜாடியின் லேபிளைப் பெரிதாகத் திரையில் காட்டினார்.

"ஆர்வக்கோளாறு, குழந்தைங்க. தப்பில்லை. ஆனா லேபிளைப் படிக்க மறந்துட்டாங்க. வெளியூர்ல இருந்து வந்த தவளை. எழுதினவங்களே இங்க இருக்காங்க. அம்மா, இது உங்க கையெழுத்துதானே? ஆமான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

ஜாடியம்மா எழுந்தாள். நோட்டுக்காரியின் முகம் செத்துப்போயிருந்தது. நாற்பது நாள் சேற்றில் நடந்த பெண், ஒரு வரிப் பொய்யில் சறுக்கி விழுந்து கிடந்தாள். பின்வரிசையில் மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். ஆமான்னு மட்டும் சொன்னால் போதுமாம். முப்பத்தோரு வருடத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டதே இதுதான் முதல் தடவை, அதுவும் தலையாட்ட. ஜாடியம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"கையெழுத்து என்னுதுதான் சார். எழுதினது பொய்."

ஜாடியம்மா பின்சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள்.

"வெளியூரும் இல்லை, ஒண்ணுமில்லை. இந்தச் சுவருக்குப் பின்னாடி நானே பிடிச்சது."

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, யோசிச்சுப் பேசுங்க. அனுமதியில்லாம பிடிக்கிறது குற்றம். அதை நான் எழுதிக்க வேண்டியிருக்கும்."

"எழுதிக்குங்க. ஒண்ணுன்னு எழுதாதீங்க. வாரத்துக்கு நாற்பது. வருஷத்துக்கு முப்பது வாரம். பத்தொன்பது வருஷம். பெருக்கிப் பார்த்துட்டு எழுதுங்க. இந்தச் சதுப்பைக் காலி பண்ணதுல எனக்குப் பங்கு இருக்கு. இப்ப மண்ணைக் கொட்டி மூடினா, இருந்ததுக்கே அடையாளம் இல்லைன்னு ஆயிடும். அதுக்கு என் கையெழுத்தைக் காட்டுறீங்க. அது எனக்குப் பொறுக்கலை."

முதல்வர் சுதாரித்துக்கொண்டார். "அப்ப பொய் சொன்னேன்னு சொல்றவங்க இப்ப மட்டும் உண்மை சொல்றாங்கன்னு எப்படி நம்புறது?"

நியாயமான கேள்விதான். அதிகாரியும் ஆமோதித்தார். ஜாடியம்மா வாசலைக் காட்டினாள்.

"எல்லாரும் எழுந்து வாங்க" என்று முன்னே நடந்தாள்.

தாழ்ப்பாளை இரண்டு பேர் சுத்தியலால் தட்டித் திறந்தார்கள். வெயிலில் சதுப்பின் ஓரம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நால்வரும் தேடியது தண்ணீரோரத்தில். வறண்ட மாதங்களில் மஞ்சத்தொடை தண்ணீரோரம் இருக்காது, கோரை வேருக்கடியில் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், விரல் நுழைகிற அளவுக்கு ஒரு மூச்சுத் துளை மட்டும் விடும். துளையின் விளிம்பு ஈரமாக இருந்தால் உள்ளே ஆள் உண்டு. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜாடியம்மா செருப்பைக் கழற்றிப் போட்டாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள், மண்டியிட்டாள்.

முதல் துளை காய்ந்திருந்தது. இரண்டாவதில் முழங்கை வரை விட்டாள், வெறும் மண். மூன்றாவது, நான்காவது. கரையில் யாரோ சிரித்தார்கள். ஐம்பத்தேழு வயது முட்டி வலித்தது. அந்த வலியைவிட அதிகமாக, ஒவ்வொரு துளையிலும் கை வெறுமையைத் தொடும்போது, நான்தான் தீர்த்துவிட்டேன், நான்தான் என்று மனம் அடித்துக்கொண்டது. ஏழாவது துளையும் காலி. முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எட்டாவதன் விளிம்பு ஈரமாக இருந்தது.

தோள் வரை கையை விட்டாள். விரல்களுக்கு மறக்கவில்லை. குளிர்ந்து வழவழவென்று ஒன்று உள்ளங்கையில் உதைத்தது. ஜாடியம்மா அழுதுவிட்டாள். கையை வெளியே எடுத்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினாள். சேற்றுக்கு நடுவில் மஞ்சள் தொடை பளிச்சென்று தெரிந்தது. நோட்டுக்காரி எழுத மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

அதிகாரி அருகில் வந்து உற்றுப் பார்த்தார். "அதுதான். சரி, ஒரு பாட்டில்ல போடுங்க. ஆதாரத்துக்கு மாதிரி வேணும். ஆய்வகத்துல ஃபார்மலின் இருக்குமில்ல?"

ஆய்வகத்தில் ஃபார்மலின் இருந்தது. மூடி இறுக்கமான காலி ஜாடியும் இருந்தது. அவளை மிஞ்சி அதைச் செய்ய ஆள் கிடையாது.

"நல்லாப் பார்த்துட்டீங்களா சார்?"

"பார்த்தேன்."

"இத்தனை பேரும் பார்த்தாங்களா?"

"பார்த்தோம்மா, கொடுங்க."

ஜாடியம்மா குனிந்து துளையருகே கையை விரித்தாள். தவளை ஒரு நொடி உட்கார்ந்திருந்தது, பிறகு உள்ளே போய்விட்டது.

"அப்ப பார்த்ததை எழுதுங்க" என்றாள்.

அதிகாரிக்குக் கோபம்தான். ஆனால் அறுபது பேர் பார்த்ததை இல்லையென்று எழுத முடியாது. "உயிருடன் ஒன்று காணப்பட்டது" என்று எழுதினார். ஒரு வருட முழுக் கணக்கெடுப்பு முடியும்வரை ஒரு கூடை மண்கூடக் கொட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது.

மகளின் கோப்பும் வந்தது, "நிறுத்திவைக்கவும்" என்ற குறிப்போடு. பதினோரு நாள் மகள் அம்மாவிடம் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு மெமோவைக் கொண்டுவந்து ஆய்வக மேசைமேல் வைத்தாள். அவளே தட்டச்சு செய்த மெமோ. மூன்று கேள்விகளுக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அனுமதியின்றித் தவளை பிடித்தது ஏன்? பொய்யான லேபிள் எழுதியது ஏன்? அதிகாரி கேட்ட மாதிரியைக் கொடுக்காமல் விட்டது ஏன்?

"நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்றாள் மகள், முகத்தைப் பார்க்காமல் ஆய்வகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி.

"முதல் ரெண்டுக்கும் தப்புதான்னு போடு. என்ன தண்டனையோ கொடுக்கட்டும்."

மகள் அடித்தாள். "மூணாவதுக்கு? தெரியாம கைதவறிப் போச்சுன்னு போட்டுடவாம்மா? அதோட விட்டுடுவாங்க."

"கைதவறலை. என் கைக்கு அது தவறாது. தெரிஞ்சேதான் விட்டேன், மறுபடி அகப்பட்டாலும் விடுவேன்னு போடு."

மகள் ஒரு வார்த்தை மாற்றாமல் அடித்து அச்செடுத்தாள். கையெழுத்துப் போடப் பேனாவை அவளே எடுத்துக் கொடுத்தாள்.