முட்டியில் ஒட்டிய புல்

ஐம்பத்திரண்டு வயதில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கொல்லையில் கோல்ஃப் மட்டையோடு நின்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? எங்கள் ஊர் காணையில் நன்றாகவே சிரித்தார்கள். சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பந்து சொன்ன பேச்சு கேட்காததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அரபு நாட்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டு வருஷம் புல் பராமரித்தேன். ஆடுகிறவர்கள் மட்டையை வீசும்போது உள்ளங்கை அகலத்துக்குப் புல் பெயர்ந்து பறக்கும். அவர்கள் நகர்ந்ததும் நான் வாளியோடு போய் முட்டி போட்டு, பெயர்ந்த புல்லைப் பொருத்தி அழுத்தி, மணலும் விதையும் தூவ வேண்டும். லீவில் வரும்போதெல்லாம் என் மனைவி முகத்தைப் பார்க்கும் முன்பு முட்டியைத்தான் பார்ப்பாள். அது செருப்புத் தோல் மாதிரி காய்த்திருக்கும். ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று, இனி முட்டி போடுகிற வேலைக்குப் போக மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் அதை நம்பினாள்.

அப்புறம்தான் அந்தப் போன் வந்தது. திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு விடுதியில் சின்னதாகக் கோல்ஃப் மைதானம் போட்டிருக்கிறார்கள், புதிதாக ஆட வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று அரபு நாட்டில் என்னோடு வேலை பார்த்தவன் சொன்னான். நின்றுகொண்டே செய்கிற வேலை. வைக்கும் சோதனை ஒன்றுதான். முப்பது கஜத்திலிருந்து பத்துப் பந்து அடிக்க வேண்டும், குறைந்தது எட்டுப் பந்தாவது கயிற்றால் போட்ட வட்டத்துக்குள் விழ வேண்டும். பிட்ச் என்று சொல்வார்கள். பந்தை எழுப்பி மெத்தென்று இறக்குகிற அடி.

ஊருக்குக் கிளம்பும்போது, அங்கே ஆட வரும் ஒரு கிழவர் கொடுத்த பழைய மட்டை என்னிடம் இருந்தது. பாடமும் தெரியும். எடை முன்காலில் இருக்க வேண்டும், மட்டை முதலில் பந்தைத் தொட வேண்டும், மண்ணை அப்புறம்தான் தொட வேண்டும். பதினெட்டு வருஷம் பார்த்ததாயிற்றே. ஆனால் ஒரு பந்து அழகாக எழும்பினால் அடுத்தது எலி மாதிரி தரையோடு ஓடியது. அதற்கடுத்த அடி பந்துக்குப் பின்னால் விழுந்து, பந்து இரண்டடி தாண்டிப் படுத்துக்கொண்டது. மூன்று வாரம் இதே கதை. விடியற்காலையில் எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது.

வாசலில் மிஞ்சிய கோலமாவோடு மனைவி கொல்லைக்கு வருவாள். குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். கோட்டின் மேல் பந்தை வைத்து அடித்தால் மண் கோட்டுக்கு அந்தப் பக்கம் பெயர வேண்டும். அழிய அழிய அவள் கோடு போட்டாள். ஒருநாள் கையை உதறிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, மட்டை கீழ வர்றப்ப நீங்க கையை இழுத்துக்கிறீங்க. மண்ணுக்கு நோவுமேன்னு பாத்துக்கினு அடிச்சா எப்படிங்க?"

எனக்குக் கோபம் வந்தது. கோல்ஃப் பற்றி உனக்கென்ன தெரியும் என்றுகூடக் கேட்டேன். ஆனால் அவள் சொன்னது சரி. புல்லைப் பெயர்த்தவன் ஒவ்வொருவனையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே வாழ்ந்தவன் நான். அடுத்தவன் தோண்டியதை மூடியே பழகிய கை, தானாகத் தோண்ட மறுத்தது. அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணில் இறக்கினேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் மண் பெயர்ந்தது, பந்து எழும்பியது. அடுத்ததும் அப்படியே எழும்பியது. சந்தோஷத்தைவிட அப்பாடா என்றுதான் இருந்தது.

சோதனை நாளன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பத்துப் பந்தில் ஒன்பது வட்டத்துக்குள் விழுந்தன. மேனேஜருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். அவர் பந்துகளைப் பார்க்கவே இல்லை, என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்துப் பந்து அடிச்சீங்க சார். அடிச்ச எடமே தெரியலியே."

நானும் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு முட்டி போட்டு, பெயர்ந்த புல்லைப் பொருத்தி அழுத்தியிருக்கிறேன். செய்ததே எனக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஆள் வந்துவிடுவார்கள், புல் தெரிந்த ஆள்தான் கிடைக்கவில்லை, அதற்கு வர முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். மாட்டேன் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. பதினெட்டு வருஷமாக அதைச் சொல்லிப் பழக்கமில்லை. சரிங்க என்றேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது, ஆத்திரப்படவும் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். எத்தனை என்று கேட்டாள். ஒன்பது என்றதும் அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் அவள் பார்வை கீழே இறங்கியது. பேண்ட்டின் இரண்டு முட்டியிலும் வட்டமாகப் பச்சைக் கறை. ஒன்றில் ஒரு புல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் புல்லுதானாங்க?" என்றாள்.

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.