கண் திறந்த ரிக் வண்டி

"படத்துக்குக் கண்ணு வெச்சா ஒருத்தன் கை போயிருமா? அப்படிப் பாத்தா உங்கூட்டுக் காலண்டர்ல அத்தன சாமிக்கும் கண்ணு இருக்குது. அதுக்கெல்லாம் எத்தன கோழி அறுத்தே, சென்னியம்மா?"

நாலு நாள் முந்தி ரேஷன் கடை வரிசையில் இப்படித்தான் கேட்டேன். சென்னியம்மாள் எங்கள் லைன் வீட்டில் அடுத்த வாசல்காரி. அவளா விடுவாள்?

"அது அச்சடிச்சதுங்கக்கா. உங்க பேத்தி கையால போட்டது. அதும் பூசையன்னிக்கு, கற்பூரம் எரியறப்ப. பலி குடுக்காம கண்ணத் தொறந்தா அதுவாத் தேடி எடுத்துக்காதா?"

"எடுத்துக்கும். உன்ற வாயத்தான் மொதல்ல எடுத்துக்கும்."

வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கும் அப்போது பயம்தான். இருந்தாலும் சௌந்தர்யாவைப் பற்றி அடுத்தவர் வாயால் ஒரு கதை ஊருக்குள் நிற்க விடமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

சௌந்தர்யா என் மகள் வசந்தாமணிக்கு ஒரே பெண். திருச்செங்கோட்டில் நாங்கள் குடியிருப்பது சின்னண்ணன் கட்டிய லைன் வீடு. அவர் ரிக் வண்டி முதலாளி; போர்வெல் கிணறு தோண்ட ஒரிசா, ஆந்திரா என்று வண்டிகள் போகும். இவள் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தாள். ஆசையெல்லாம் படக்கதை வரைவதில். அதிலும் எந்திர மனிதர்கள் சண்டை போடுகிற கதை.

எனக்கு எழுத்து தெரியாது. அதனால்தான் வரைந்த பக்கத்தை முதலில் என்னிடம் கொண்டுவருவாள். "எழுத்த உடுங்க அம்மாயி. படத்தப் பாத்துக் கதயச் சொல்லுங்க" என்பாள். நான் தடுமாறினால் அந்தப் பக்கத்தை மறுபடி வரைவாள்.

முதலில் வரைந்ததெல்லாம் பிஸ்கட் டின்னை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

"இது ஊரையே அழிக்க வர்ற எந்திரமுங்க அம்மாயி."

"இதா? காத்தடிச்சா உழுந்துரும்."

அன்று பொழுதுக்கும் என்னோடு பேசவில்லை. மறுநாள் சங்ககிரி ரோட்டில் ரிக் கட்டுகிற பட்டறைக்குப் போனாள். கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு வரைவாள். வெல்டிங் ஆட்கள், "என்ன அம்மிணி, ஜாதகத்தோட இந்தப் படத்தத்தான் குடுக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்வார்களாம். இவள் தலை நிமிராமல், "மாப்பிள்ளைக்கு இத்தன எடை இருந்தாச் சொல்லுங்க, குடுக்கறேன்" என்பாளாம்.

அங்கேதான் கற்றுக்கொண்டாள். இரும்புக் கை தானாகத் தூக்காது, பின்னால் ஒரு ஜாக்கி தள்ள வேண்டும். கை மடங்குகிற இடத்தில் பின் என்கிற இரும்பு முளை இருக்க வேண்டும். ஆயில் ஹோஸ் குழாயைக் கொஞ்சம் தொய்வாக விடாவிட்டால் கை நீட்டும்போது அறுந்துவிடும். இதையெல்லாம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்வாள். அப்புறம் ஒரு பக்கம் காட்டினாள். ரிக் வண்டி நாலு ஜாக்கியையும் மண்ணில் ஊன்றிக் குந்தியிருக்கிறது, முதுகிலிருந்து கம்பம் எழுந்து நிற்கிறது, அதன் உச்சியில் ஒரு முகம். நான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சின்னண்ணன், "என்ற புது வண்டிக்குத் திருஷ்டிப் படமா இதையே போடு சாமி" என்றார். வண்டியின் இடப்பக்கம் முழுக்கப் பெயிண்டில் வரைந்தாள். எங்கள் பக்கம் மண்ணில் சாமி உருவம் செய்தால் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அப்போது சேவல் அறுப்பார்கள். இவளும் கண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தாள், விளையாட்டாக. பூசையன்று எல்லாரும் பார்க்க இரண்டு கண்ணுக்கும் கறுப்பு வைத்தாள். புரட்டாசி மாதம், சேவல் இல்லை, பூசணிக்காய் மட்டும் உடைத்தார்கள். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை.

ஒரிசாவுக்குப் போன அந்தப் புது வண்டியிலிருந்து போன் வந்தது. துளை போடுகிற இரும்பு ராடைப் பிடிக்கிற வேலைக்காரன் சடையனுக்கு வலது கை மணிக்கட்டோடு நசுங்கிவிட்டது.

அன்றிலிருந்து தெருவெல்லாம் இதே பேச்சு. சௌந்தர்யா வெளியே வருவதில்லை. வரையாமல் இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. பக்கம் பக்கமாக எந்திரங்கள், ஒன்றுக்கும் கண் இல்லை.

"அம்மாயி, நெசமா இருக்குங்களா?" என்று கேட்டாள்.

பெங்களூரில் படக்கதைக் கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வசந்தாமணி அழுதாள். "அங்க போயும் ஒருத்தன் கை போனா என்னடி பண்ணுவே? மலைக்கோயிலுக்கு வந்து, இனிமேப் பென்சிலத் தொடறதில்லைன்னு சத்தியம் பண்ணிரு." பெண்ணும் தலையாட்டிவிட்டாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "கை போனவன் வாயால கேட்டுட்டு அப்புறம் மலை ஏறுங்க" என்று சௌந்தர்யாவை மேச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சடையன் ஊர் அது.

ஆட்டுப் பட்டி ஓரமாகக் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். இவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"வாங்க ஆத்தா. அம்மிணி ஏனுங்க அங்கயே நிக்குது? ஒத்தக் கைய வெச்சுட்டு நான் என்ன பண்ணீரப் போறேன்?"

"உன்ற கை படத்தாலதான் போச்சா சாமி?" என்று நேராகவே கேட்டேன்.

"படம் அந்தப் பக்கமுங்க. நான் இந்தப் பக்கம் குனிஞ்சு ராடப் புடிச்சிருந்தேன். நிறுத்துன்னு கையக் காட்டுனேன். ஆப்பரேட்டருக்குத் தெரியல. நடுவால ராடு அடுக்கியிருந்துச்சு."

சௌந்தர்யா முன்னால் வந்தாள். "அங்க ராடு அடுக்க எடமே இல்லீங்களே. பட்டறையில நான் பாத்து வரைஞ்சிருக்கேன்."

"பூசைக்கப்புறம் மொதலாளி ஸ்டேண்டு வெச்சாருங்க, ராட இன்னும் சேத்தி ஏத்தறதுக்கு. வண்டி இப்பவும் ஓடுது. என்ற எடத்துல வேற பையன் நிக்கறான்."

அவள் அங்கேயே தாளை விரித்தாள். முதல் கட்டத்தில் ஆப்பரேட்டர் நிற்கிற இடத்திலிருந்து தெரிவது, வெறும் ராடுகள். அடுத்த கட்டத்தில் ராடுகளுக்குப் பின்னால் தூக்கிய ஒரு கை. மூன்றாவது கட்டத்தைச் சடையன் பார்த்துவிட்டு ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். யாரும் சொல்லாமலே எனக்குக் கதை புரிந்தது. படத்தின் கண்மேல் பழி இருக்கிற வரைக்கும் அந்த ஸ்டேண்டைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை என்பதும் புரிந்தது.

வீட்டுக்கு வந்து, தாளைச் சின்னண்ணனிடம் காட்டப் போவதாக அவள் சொன்னதும் வசந்தாமணி வெளிறிப் போனாள். "அவுரு ஊட்டுல குடியிருந்துட்டு அவுருகிட்டயே காட்டறதா? சாமானத் தூக்கி ரோட்டுல வெப்பாங்கடி. நீ பெங்களூருக்கே போயிரு. சத்தியமெல்லாம் வேண்டாம், பஸ் ஏறிப் போயிரு."

இன்று காலை சௌந்தர்யா பையை எடுத்துக்கொண்டாள். அந்தத் தாள் மட்டும் பையில் இல்லை, சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், பாதி சிந்திவிட்டது.

"நானும் வாரேன்" என்றேன்.

"வேண்டாங்க அம்மாயி. நீங்க வந்தா அவுரு உங்ககிட்டப் பேசி அனுப்பிருவாரு. என்கிட்டத்தான் பேசோணும்."

படி இறங்கினாள். தெருவில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு சின்னண்ணனின் ரிக் ஆபீஸ் இருக்கிற பக்கம் நடந்தாள்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த சென்னியம்மாள் நிமிர்ந்து, "அம்மிணி, பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்" என்றாள்.

"தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போனாள்.