அட்சதை விழும்போது உடைகிற படம்

ஒரு கல்யாணத்தைச் சுருட்டி, நெட்டுக்குள் நுழைகிற அளவுக்கு ஒல்லியாக்கி, ஊர் ஊராக அனுப்புவது என் தொழில். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் கேமராக்காரருக்குப் பெயர், சேராவிட்டால் பேச்சு எனக்கு. லைவ் விடுகிற நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் நடந்திருக்கும், நீங்களும் வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அன்றைக்குக் கீழக்குயில்குடி மண்டபத்தில் இருந்தவர்கள்: பெண் கயல்விழி, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அக்கா, பெண்ணின் அம்மா ராசாத்தி, அப்பா இடத்தில் உட்கார வந்த சித்தப்பா, ஐயர், மேளக்காரர்கள் நான்கு பேர், மேடை அலங்காரம் முருகன், சமையல் மாஸ்டர், கேமரா பிடிக்கும் என் கூட்டாளி பாண்டி, லேப்டாப்புக்குப் பின்னால் தலையைக் குனிந்திருந்த நான், அப்புறம் முந்நூற்றுச் சொச்சம் சொந்தபந்தம். சொச்சம் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் வந்தவர்களை எண்ண நின்றால் என்னையே நாலு பேர் நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். எனக்குக் கூச்சம் அதிகம், எண்ணாமல் விட்டுவிட்டேன்.

வராதவர் ஒருவர். பெண்ணின் அப்பா தங்கராசு சார். ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார். திருநகரில் தன் வீட்டு வாசலில் கல்யாணத்துக்குச் சீரியல் பல்பு கட்ட ஸ்டூலில் ஏறி விழுந்து கால் முறிந்து, பழங்காநத்தத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துப் படுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு லீவு நீளாது, முகூர்த்தத்தைத் தள்ள முடியவில்லை.

சார் கேட்டது

முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் கட்டிலுக்கு எதிரே இருந்த டிவியில் படம் வருவதற்கு ஏற்பாடு செய்தேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. தலையணைமேல் தூக்கி வைத்திருந்த கட்டுப்போட்ட காலைப் பார்த்துச் சொன்னேன்: "சார், வழியில எங்கயாச்சும் படம் உடைஞ்சாலும் கவலைப்படாதீங்க. கேமராக்குள்ள சுத்தமா பதிஞ்சிருக்கும். மறுநாளே கொண்டாந்து போட்டுக் காமிச்சிடுறேன்." இது நான் எல்லா வீட்டிலும் சொல்லுகிற வசனம். படம் உடையும் என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி.

சார் அந்த டிவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "மறுநாள் யாரு வேணும்னாலும் பாக்கலாம். எம் மக கழுத்துல தாலி ஏறுற அந்த நேரத்துல நான் பாக்கணும். அம்புட்டுத்தான் கேக்குறேன்" என்றார். சரிங்க சார், சரிங்க சார் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் சொன்னார்: "என்னையப் பாத்துச் சொல்லுங்கண்ணே, காலுக்குக் காது கேக்காது."

மோடத்துக்கும் ஒரு இலை

மண்டபத்துக்குப் பின்னால் மலை. டவர் மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் மோடத்தில் மூன்று கம்பெனி சிம் போட்டிருக்கும். ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் தூக்கிக்கொள்ளும். அன்றைக்கு மூன்றும் சேர்ந்தே படுத்தன. மோடத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தேன். வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நான் ஏதோ சீர்த்தட்டு கொண்டுவருகிறேன் என்று வழி விட்டார்கள். ஒரு பெரியவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தும் விட்டார்.

போன் பேச எங்கேயும் முடிந்தது; லைவ் தாங்குகிற அளவுக்குச் சிக்னல் கடைசியில் கிடைத்த ஒரே இடம் சமையல் கொட்டகை. அங்கேயும் கீழே கிடையாது. அரிசி மூட்டைகளுக்கு மேலே. ஆவி படாமல் இருக்க மோடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, மூட்டை உச்சியில் வைத்து, அங்கிருந்து மேடை வரை ஒயர் இழுத்தேன். சாம்பாருக்கு நடுவில் நின்று அதைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டிருந்தபோது மாஸ்டர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என்னண்ணே, இதுக்கும் ஒரு இலை போட்டுரவா?"

மினுக்குகிற பல்பு

இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நாம் முதலில் அனுப்புவது முழுசாக ஒரு படம். அதற்குப் பிறகு எது மாறியதோ அதை மட்டும்தான் அனுப்புகிறோம். சுவர் அப்படியே இருந்தால் சுவரை மறுபடி அனுப்புவதில்லை. ஆடாமல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குச் செலவே கிடையாது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற சம்பந்திதான் நெட்டைத் தின்பார்.

முருகன் மேடையின் பின்திரை முழுக்க விட்டுவிட்டு எரிகிற பல்புகளைத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு மினுக்கலும் ஒரு மாற்றம். இருக்கிற கொஞ்ச நெட்டும் பல்புக்கே போய், பெண்ணின் முகத்துக்கு மிச்சம் இல்லை. முகம் பிசைந்த மாவு மாதிரி வந்தது. பல்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். நான் மேடை வரைக்கும் போவதும், முருகனைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பி வருவதுமாக இருந்தேன். பாண்டி பொறுத்துப் பார்த்துவிட்டு, என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினான். எரியட்டும், மினுக்க வேண்டாம் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். முருகன் சுவிட்சைத் திருகி எல்லாவற்றையும் நிலையாக எரியவிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. இப்பல்லாம் எழவு வீட்டுலயே லைட்டு மினுக்குறாய்ங்க. கல்யாண வீட்டுல நிறுத்தச் சொன்ன மொத ஆளு நீங்கதான்."

ஐயர் எழுந்த பிறகும்

வழியில் ஒரு துண்டு தொலைந்துபோனால், அதற்கப்புறம் வருவதெல்லாம் தொலைந்ததை நம்பித்தான் வரும். அந்தத் தப்பு, அடுத்த முழுப் படம் வந்து துடைக்கிற வரைக்கும் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முழுப் படத்தை அடிக்கடி அனுப்புவது பத்திரம். ஆனால் முழுப் படம் கனம். அடிக்கடி அனுப்பினால் நடுவில் வருகிற படங்கள் மங்கிவிடும். பாண்டி இரண்டு விநாடிக்கு ஒன்று என்கிற கட்சி. நான் பத்து விநாடிக்கு ஒன்று என்கிற கட்சி. சிக்கனம் எனக்குக் கூடப் பிறந்தது. குளிக்கும்போது சோப்பைத் தேய்க்காமல் காட்டிவிட்டு வைத்துவிடுகிறேன் என்று என் வீட்டிலேயே சொல்வார்கள்.

முகூர்த்தத்துக்கு முந்தைய பூஜையின்போது எங்கேயோ ஒரு துண்டு தொலைந்துவிட்டது. என் லேப்டாப்பில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. தெரியாமல் என்ன செய்யும், அது கிளம்புகிற இடம். கிளம்புகிற இடத்தில் எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து சார் போன் அடித்தார். கோபம் இல்லை, விடைத்தாள் திருத்துகிற குரல். "அண்ணே, ஐயர் எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டாரு. அவரு மூஞ்சி மட்டும் இன்னும் மணையிலயே உக்காந்திருக்கு. அதுக்குத் தனியா தட்சிணை உண்டா?"

ஐந்து

ஐயரின் முகம் கலைந்ததும் பாண்டி என்னைப் பார்த்தான். நான் பத்தை மாற்றினேன். இரண்டாக இல்லை, ஐந்தாக. தோற்றுப்போனாலும் முழுசாகத் தோற்க எனக்கு மனசு வராது. சாருக்குப் போன் போட்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். எனக்குப் பெருமைகூட வந்தது. பாண்டி கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னான்: "ரெண்டுக்கும் பத்துக்கும் நடுவுல நிக்கிறீங்களே, நீங்க என்னண்ணே பஞ்சாயத்தா பண்றீங்க?"

அட்சதை

ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை காட்டினார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். சாரின் போனை வைக்காமல் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். "தெரியுது. நல்லாத் தெரியுது. மாப்ள கை நடுங்குது, அதுகூடத் தெரியுது" என்றார்.

அடுத்து நடந்தது எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான். முந்நூறு பேர் எழுந்து, கை நிறைய அட்சதையும் பூவுமாக மேடையைப் பார்த்து வீசினார்கள். படத்தைச் சுருக்குகிற எந்திரத்துக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் பறக்கிறது. எதுவும் முன்பு இருந்த இடத்தில் இல்லை. முந்தின படத்திலிருந்து கடன் வாங்க ஒரு துளி இடமும் இல்லை. போதாததற்கு, வீசி முடித்த கையெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்து, அதே டவரில் அதே தாலியைத் தன் தன் ஆட்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டை மேலிருந்த என் மோடம் அதில் எங்கே நெருக்கி ஏறும்? பல்பை நிறுத்தினேன், ஐயரைத் துடைத்தேன். எத்தனையோ மேடையில் என் தலையிலேயே விழுந்த அட்சதையை மட்டும் யோசிக்கவில்லை. முழுப் படம் வர ஐந்து விநாடி. ஐந்து விநாடியில் வந்ததும் அரிசியின் முழுப் படம்தான். அதுவும் கனம் தாங்காமல் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டன. மேளச் சத்தத்தைத் தாண்டிச் சாரின் குரல் கேட்டது: "மஞ்சளா ஒரு கட்டம் தெரியுது, செவப்பா ரெண்டு கட்டம் தெரியுது. கட்டியாச்சா இல்லையாண்ணே?"

முதுகுகள்

லைவ் அப்படியே நின்று, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கட்டியாச்சு என்று நான் சொல்வதற்குள் சாரின் போனும் அறுந்துபோனது. எல்லாவற்றையும் அணைத்து மறுபடி எழுப்புவதற்குள் மொய் எழுதியவர்கள் மேடையில் ஏறிவிட்டார்கள். படம் திரும்பி வந்தபோது மேடை முழுக்க முதுகு. சட்டை முதுகு, ஜாக்கெட் முதுகு, குழந்தையைத் தூக்கிய முதுகு. பெண் அவற்றுக்கு நடுவில் எங்கேயோ இருந்தாள். கொஞ்சம் விலகுங்கள் என்று சொன்னால் போதும். நான் தொண்டையைச் செருமினேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. சார் மறுபடி போன் செய்யவில்லை என்பதுதான் அதிகம் உறுத்தியது. பாண்டி கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் சொன்னான்: "அண்ணே, மதுரைல இம்புட்டுத் துல்லியமா முதுகு எடுத்தது நாமளாத்தான் இருக்கும்."

முதல் பந்தி

முதல் பந்திக்கு அழைப்பு வந்ததும் மேடை காலியானது. பொண்ணு மாப்பிள்ளையையும் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்கள். இலையில் கை வைத்ததும் முந்நூறு போனும் சட்டைப் பைக்குள்ளும் பர்ஸுக்குள்ளும் போயின. டவர் மூச்சுவிட்டது. திரையில் மணையும் குத்துவிளக்கும் இறைந்து கிடந்த அட்சதையும் மட்டும். எதுவும் அசையவில்லை, படம் கண்ணாடி மாதிரி இருந்தது. யாரும் இல்லாத மேடையை இவ்வளவு நன்றாக அனுப்புகிறேனே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. முழுப் படத்தை இரண்டு விநாடிக்கு ஒன்று என்று வைத்தேன். பாண்டிக்கு ஏதும் சொல்ல நேரம் கொடுக்காமல் பந்திக்கு ஓடினேன்.

கயல்விழி அப்போதுதான் இலைக்கு முன்னால் உட்காரப் போனாள். "அப்பா பாத்தாங்கள்ல?" என்றாள். "இல்லம்மா. அந்த நேரத்துல படம் உடைஞ்சிருச்சு. ஒரு தடவ மேடைக்கு வா" என்றேன். அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில் நான் ஒரு முழு வாக்கியம் பேசியது அதுவே முதல் தடவை. மாப்பிள்ளை இலையிலிருந்து நிமிர்ந்து கை காட்டினார், போய்வா என்கிற மாதிரி.

தனியாக வந்து மணையில் உட்கார்ந்தாள். அசையாமல் இருந்தால் படம் துலக்கமாகப் போகும் என்று சொன்னேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி மூச்சைப் பிடித்து உட்கார்ந்தாள். சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மறுபடி உடைந்துவிட்டதோ என்று லேப்டாப்பைத் தட்டப் போனேன்.

"தாலி தெரியுது. முடிச்சு தெரியல. திரும்பச் சொல்லுங்க" என்றார் சார்.

கயல்விழி கேமராவுக்கு முதுகு காட்டித் திரும்பினாள். பின்னாலேயே வந்துவிட்ட ராசாத்தியம்மா, மகளின் சடையையும் மல்லிகைச் சரத்தையும் கையில் அள்ளி உயர்த்திப் பிடித்தார். பாண்டி பக்கத்தில் போய் அசையாமல் நின்றான். கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் கயிறு, இன்னும் ஈரம் காயாமல், நூல் நூலாகத் தெரிந்தது. சார் எண்ணினார். "மாப்ள போட்டது ஒண்ணு. அவங்க அக்கா போட்டது ரெண்டு." அதற்கப்புறம் ஆஸ்பத்திரி மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் படம் முழுவதிலும் மாறியது ஒன்றே ஒன்று, பெண்ணின் தோள். குலுங்கியது. அது கொஞ்சம்தான், நெட் அதைச் சிரமமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"மூணும் சரியா இருக்கு கயலு. அழுகாதம்மா, நீ தோள ஆட்டுனா அண்ணனுக்குப் படம் உடையும்."

தாலி ஏறியபோது திரை ஓரத்து எண்ணிக்கைப்படி லைவ் பார்த்துக்கொண்டிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நான் அனுப்பியது வெறும் கட்டங்கள், ஆயுளில் நான் அனுப்பியதிலேயே துலக்கமான படத்தைப் பார்க்க மிச்சமிருந்தவர் ஒருவர்.